நோன்பு நாளில் முட்டையில்லாத ராயல் ஐசிங்: ஈரக் காற்றுள்ள ஊரில் பிஸ்கட் அலங்காரம் பழகுவது எப்படி?

குவாத்ர் போர்ன் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸின் குவாத்ர் போர்னில் வசிக்கிறேன். என் மகளின் ஆறாவது பிறந்தநாள் இந்த ஆண்டு தைப்பூசக் காவடிக்கான பத்து நாள் நோன்புக்குள் வருகிறது. கணவரும் மாமியாரும் காவடி எடுப்பதால் அந்த நாள்களில் எங்கள் அடுப்படியில் முட்டை புழங்குவதில்லை. தனக்குக் கேக் வேண்டாம் என்றும், மயிலிறகு வரைந்த பிஸ்கட்டுகளை வகுப்புத் தோழர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் மகள் கேட்கிறாள். முப்பது பிஸ்கட்டுகள் தேவைப்படும்.

நோன்பு தொடங்கும் முன்பே கை பழகட்டும் என்று, டிசம்பரில் முட்டை வெள்ளைக்கருவையும் ஐசிங் சர்க்கரையையும் அடித்து ஒரு முறை ராயல் ஐசிங் செய்து பார்த்தேன். பிஸ்கட்டின் ஓரத்தைத் தாண்டி ஐசிங் வழிந்தது. மறுநாள் காலையில் தொட்டால் விரலில் ஒட்டியது. மூன்றாம் நாள் வெள்ளைப் பரப்பின் மேல் மஞ்சள் நிறத்தில் எண்ணெய்த் திட்டுகள் தெரிந்தன. காணொளிகளில் சொன்ன அளவுகளையே பின்பற்றினேன் என்பதால் எங்கே தவறினேன் என்று எனக்கு விளங்கவில்லை.

முட்டை இல்லாமல் இந்த ஐசிங்கைச் செய்ய முடியுமா, எங்கள் ஊரின் ஜனவரி மாதக் காற்றில் அது காயுமா, மயிலிறகை எந்த முறையில் வரைவது என்ற மூன்றையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கியூர்பீப் மூத்தவர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். கியூர்பீப்பில் பத்து ஆண்டுகளாக வீட்டிலிருந்தே பிஸ்கட் செய்து கொடுத்து வருகிறேன். மேட்டு நிலத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மழையும் மூடுபனியும் மேற்குக் கரையைவிட மிக அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். மேற்குக் கரையின் ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் இருக்கும் என் உறவினர் வீட்டில் ஓர் இரவில் காயும் ஐசிங், என் வீட்டில் மறுநாள் மாலை வரை மென்மையாகவே இருக்கும். ஆகவே காணொளிகளில் சொல்லப்படும் நேரத்தை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு நேர்ந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: நீர். ஐசிங்குக்குள் நீர் கூடியதால் வழிந்தது. காற்றில் நீர் கூடியதால் காயவில்லை. நீர்த்த ஐசிங் நெடுநேரம் ஈரமாகவே கிடந்ததால் பிஸ்கட்டின் வெண்ணெய் மேலே ஊறி வந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் தம் கை நடுங்குவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில், நீரை அளந்து பழகியவருக்குக் கை தானாக நேராகிவிடுகிறது.

முட்டை ஐசிங்கில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 30 முதல் 35 கிராம் இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர், மீதியில் பெரும்பகுதி புரதம். அடிக்கும்போது அந்தப் புரதம் விரிந்து, காற்றையும் சர்க்கரைத் துகள்களையும் பிடித்துக்கொள்கிறது. நீர் ஆவியாகிப் போனதும் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. நம் நாப்பொலித்தேன் பிஸ்கட்டின் மேலிருக்கும் இளஞ்சிவப்புப் பூச்சு வெறும் ஐசிங் சர்க்கரையும் நீரும் என்பதால், அது மேலே பொருக்குக் கட்டினாலும் கோடு வரைந்தால் உருவம் நிற்காது. ராயல் ஐசிங்கில் உருவம் நிற்பதற்குப் புரதம் வேண்டும்.

அந்தப் புரதத்திற்கு முட்டையல்லாத வழி கொண்டைக்கடலை வேகவைத்த நீர். 2014இல் பிரான்சைச் சேர்ந்த ஜோயெல் ரோசெல் என்பவர் பயறு வகைகளின் டின் நீர் முட்டை வெள்ளைக்கருவைப் போல நுரைப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். 2015இல் அதற்கு அக்வாஃபாபா என்ற பெயர் வந்தது. நம் கடைகளில் 'புவா ஷீஷ்' என்று எழுதிய கொண்டைக்கடலை டின்னை வாங்கி, உப்புச் சேர்க்காததாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீரை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அது முட்டை வெள்ளைக்கருவைப் போல வழவழப்பாக இருக்க வேண்டும். நீர்த்திருந்தால் சிறு தீயில் சுண்டவைத்து ஆறவிடுங்கள்.

450 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு நான் 60 மி.லி. கடலை நீரும், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் எடுத்துக்கொள்கிறேன். நீரையும் சாற்றையும் நுரை வரும் வரை மட்டும் அடித்து, சலித்த சர்க்கரையை மூன்று தவணைகளாகச் சேர்த்து, மிக்சரை மிகக் குறைந்த வேகத்தில் நான்கைந்து நிமிடங்கள் ஓட்டுகிறேன். வேகத்தைக் கூட்டினால் காற்று நிறைந்து, காய்ந்த பின் ஐசிங் பஞ்சுபோலத் துளைவிட்டு நொறுங்கும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது, ஏனென்றால் கொழுப்பு நுரையைக் கலைத்துவிடும். பிளாஸ்டிக் கிண்ணம் பசையைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்து, எலுமிச்சை மூடியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

8 செ.மீ. நீளப் பிஸ்கட் ஒன்றுக்கு 20 முதல் 25 கிராம் ஐசிங் செல்லும். முப்பதுக்கு முக்கால் கிலோ வரை வேண்டியிருக்கும், பல நிறங்களாகப் பிரிக்கும்போது கிண்ணங்களில் ஒட்டி வீணாவது தனி. எனவே சர்க்கரையை 700 கிராமுக்குக் குறையாமல் எடுத்து, கடலை நீரையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

இனிப் பதம். சர்க்கரைப் பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பது போல இதற்கும் ஒரு முறை உண்டு. கிண்ணத்தில் இருக்கும் ஐசிங்கின் நடுவே கத்தியால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு மறைந்து மேற்பரப்பு சமமாகும் வரை எண்ணுங்கள். கோடு மறையவே இல்லை, பற்பசையைப் போல நிற்கிறது என்றால் அது பூ இதழ், எழுத்து ஆகியவற்றுக்கானது. 15 முதல் 20 வரை எண்ணும்போது மறைந்தால், ஓரக்கோடு இழுக்கவும் உள்ளே நிரப்பவும் அந்த ஒரே பதம் போதும். பழகுகிறவர்கள் இதை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது. 10க்குள் மறைந்தால் அது வழியும், தாமதமாகக் காயும், காயும்போது குழியும் விழும். உங்கள் டிசம்பர் ஐசிங் ஐந்துக்குள் மறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீரைக் கரண்டியால் ஊற்றாதீர்கள். ஒரு தேக்கரண்டி நீர் இந்த அளவு ஐசிங்கைப் பற்பசையிலிருந்து பாயசமாக மாற்றிவிடும். சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கோடு இழுத்து எண்ணிப் பாருங்கள். நீர் மிகுந்துவிட்டால் சர்க்கரையைச் சேர்த்து மீட்டுக்கொள்ளலாம்.

பிழியாத ஐசிங்கை ஈரத் துணியால் மூடியே வைத்திருங்கள். சில நிமிடங்களிலேயே மேலே பொருக்குக் கட்டும்; அந்தப் பொருக்குத் துணுக்கு ஒன்று போதும், ஐசிங் பிழியும் பையின் வாய் அடைபட்டுவிடும்.

போர் லூயி பேக்கர் எழுதியது:

முப்பத்தைந்து ஆண்டுகள் பேக்கரி அடுப்பின் முன் நின்றவன் என்ற முறையில் பிஸ்கட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முட்டை இல்லாத மாவு என்றதும் பலர் நாப்பொலித்தேன் மாவை எடுத்துக்கொள்வார்கள். சுவையில் அதற்கு ஈடில்லை. ஆனால் நாங்கள் நூறு பங்கு மாவுக்கு எழுபது பங்கு வெண்ணெய் போட்டுப் பிசைந்த மாவு அது. அவ்வளவு வெண்ணெய் இருக்கும் பிஸ்கட்டின் மேல் ராயல் ஐசிங் போட்டால், நம் வெயிலில் வெண்ணெய் இளகி மேலே கசியும். சகோதரி பார்த்த மஞ்சள் திட்டுகளுக்கு மூத்தவர் சொன்ன நீர் ஒரு காரணம் என்றால், பிஸ்கட்டில் இருந்த வெண்ணெய் மற்றொரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: மைதா 400 கிராம், சோளமாவு 25 கிராம், வெண்ணெய் 220 கிராம், ஐசிங் சர்க்கரை 150 கிராம், பால் மூன்று மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பேக்கிங் பவுடர் வேண்டாம், அது பிஸ்கட்டை உப்பவைத்து ஓரங்களை உருக்குலைக்கும். வெண்ணெயையும் சர்க்கரையையும் கலந்தால் மட்டும் போதும், கேக்குக்கு அடிப்பது போல வெளுக்கும் வரை அடிக்கக் கூடாது. மாவை இரண்டு பட்டர் காகிதங்களுக்கு இடையில் வைத்து 6 மி.மீ. கனத்துக்கு உருட்டி, தட்டோடு ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வெட்டிய பிறகும் பத்து நிமிடம் உறைபெட்டியில் வைத்து, குளிர்ந்த நிலையிலேயே 175 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்தால் வெட்டிய வடிவம் அப்படியே நிற்கும். பத்து முதல் பன்னிரண்டு நிமிடங்களில் ஓரம் இலேசாக நிறம் மாறும். வெந்தும் வேகாமலும் எடுத்த பிஸ்கட்டில் ஈரம் தங்கி, அந்த ஈரம் ஐசிங்கைக் கீழிருந்து நனைக்கும். ஆகவே வெளிறிய பிஸ்கட்டைவிட ஒரு நிமிடம் கூடுதலாக வெந்த பிஸ்கட் நல்லது.

அடுப்பிலிருந்து எடுத்த அன்றே ஐசிங் போடாதீர்கள். சமையலறைக் காகிதத்தின் மேல் பரப்பி ஓர் இரவு விட்டால், மிகையான வெண்ணெயைக் காகிதம் இழுத்துக்கொள்ளும்.

டர்பன் அடுப்படி எழுதியது:

வணக்கம் அக்கா. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். இந்தியப் பெருங்கடலின் காற்று எங்கள் வீட்டுக்குள்ளும் வருகிறது. உங்கள் கவலையை நன்றாக அறிவேன். ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பல குறிப்புகளில் ஒரு கரண்டி குளுக்கோஸ் சிரப் சேர்க்கச் சொல்வார்கள். ஜொகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் இருக்கும் என் தமக்கைக்கு அது மிகவும் உதவுகிறது, ஏனென்றால் ஜொகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அங்கே குளிர்காலக் காற்று வறண்டது, சிரப் சேர்க்காத ஐசிங் பல்லுக்குக் கல்லாகிவிடும். அதே குறிப்பை நான் டர்பனில் பிப்ரவரியில் பின்பற்றியபோது இரண்டு நாளாகியும் ஐசிங் பிசுபிசுத்தது. குளுக்கோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஓரக்கோட்டைப் பற்றியும் சொல்கிறேன். தொடக்கத்தில் பையின் முனையைப் பிஸ்கட்டின் மேல் தேய்த்து இழுத்தேன், கோடு நெளிந்து நெளிந்து வந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் கோலம் போடும்போது கவனித்தேன்: கோலமாவை விரலால் தரையில் தேய்ப்பதில்லை, ஒரு விரற்கடை உயரத்திலிருந்து இழையாக விழவிடுகிறோம், கை போகும் இடத்தில் இழை போய்ப் படிகிறது. ஐசிங்கும் அவ்வாறே. முனையைப் புள்ளியில் தொட்டு, ஐசிங் ஒட்டிக்கொண்டதும் ஒன்றிரண்டு செ.மீ. உயர்த்தி, நூல் தொங்கத் தொங்கக் கையை நகர்த்தி, முடியும் இடத்தில் இறக்கி வையுங்கள். பார்வை முனையில் இருக்கக் கூடாது, கோடு சேரப் போகும் இடத்தில் இருக்க வேண்டும். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது அரை மணி நேரத்தில் கைவந்துவிடும். பட்டர் காகிதத்தின் அடியில் கோலம் வரைந்த தாளை வைத்து, அதன் மேல் பிழிந்து பழகுங்கள். வழித்து எடுத்து மீண்டும் பையில் போட்டுக்கொள்ளலாம்.

தொடக்கத்துக்கு உலோக முனை வாங்க வேண்டியதில்லை. முனையில்லாப் பையின் நுனியை ஒரு மி.மீ. அளவுக்கு நேராக வெட்டினால் போதும். கோணலாக வெட்டிய பையில் கோடு ஒரு பக்கமாகச் சுருளும்.

கியூர்பீப் மூத்தவர் எழுதியது:

குளுக்கோஸைப் பற்றித் தம்பி சொன்னது முற்றிலும் சரி. தூய சர்க்கரைப் படிகம்கூட, காற்றின் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தை எட்டினால் தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். குளுக்கோஸ் கலந்தால் அதற்கும் குறைந்த ஈரத்திலேயே இழுக்கும். சூறாவளிக் காலத்தில் எங்கள் வீட்டு ஈரமானி 90ஐத் தொடுவதுண்டு. அப்படிப்பட்ட நாளில் திறந்த சன்னலருகே ஐசிங் காயாது. காய்ந்தது கூட மீண்டும் இளகும்.

ஆகவே சிறிய அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கதவுகளை அடைத்து, ஏசியை ஈரம் நீக்கும் 'டிரை' நிலையில் வைத்து, மேசை விசிறியை ஓரடி தொலைவிலிருந்து பிஸ்கட்டுகளின் மேல் படும்படி ஓடவிடுங்கள். நிரப்பிய உடனேயே விசிறியின் முன் வைத்தால் மேற்பரப்பு விரைவில் இறுகிப் பளபளப்பும் கிடைக்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் முட்டை ஐசிங் காயும். கடலை நீர் ஐசிங்குக்கு நான் பதினெட்டு மணி நேரம் கொடுப்பேன். அடுப்பில் வைத்துக் காயவைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வெண்ணெய் இளகுவதால் நான் அதை விரும்புவதில்லை.

வானிலை மையம் சூறாவளியின் முதல் வகுப்பு எச்சரிக்கை விடுத்தால் அன்று ஐசிங்கைத் தொடங்கவே வேண்டாம். மின்சாரம் போனால் ஏசியும் விசிறியும் நின்று, அரைகுறையாகக் காய்ந்தவை எல்லாம் வீணாகும். பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பே தொடங்குவது என்று திட்டமிட்டால், ஒரு நாள் மழைக்குப் போனாலும் உங்களுக்கு இடம் இருக்கும்.

செந்த் ஆந்த்ரே வாசகர் எழுதியது:

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். நோன்பு வீடு என்பதால் நிறமிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, இளஞ்சிவப்பு நிறமிகளின் உறையில் இ120 (E120) என்ற சேர்க்கை எண் எழுதியிருந்தால் அது கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் கார்மைன். பீட்ரூட்டிலிருந்து வரும் இ162 செடியிலிருந்து வருவது. மேலே தூவும் பளபளப்பான மணிகளில் இ904 இருந்தால் அது அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கு. மெரிங் பவுடர் என்று விற்கப்படும் தூளில் உலர்ந்த முட்டை வெள்ளைக்கரு இருக்கிறது. 'முட்டை உடைக்கவில்லையே' என்று எண்ணி அதைச் சிலர் நோன்பில் பயன்படுத்திவிடுகிறார்கள்.

கடலை நீர் ஐசிங் சற்றே மஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கும். வெள்ளை நிறமி சேர்க்கலாம். எங்கள் தீவில் பிரெஞ்சு, ஐரோப்பியச் சட்டங்கள் நடைமுறையில் இருப்பதால் டைட்டானியம் டை ஆக்சைடு சேர்த்த நிறமி இப்போது விற்கப்படுவதில்லை. உணவில் அதைப் பிரான்ஸ் 2020 தொடக்கத்தில் நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. அதற்குப் பதிலாக அரிசி மாச்சத்தோ கால்சியம் கார்பனேட்டோ சேர்த்து வருகிறது, அதன் வெண்மை குறைவு. நான் வேறு வழியைக் கையாள்கிறேன். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஊதா ஜெல் நிறமியைத் தொட்டு அரைக் கிலோ ஐசிங்கில் கலந்தால் மஞ்சள் மறைந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். குச்சியின் நுனிக்கு மேல் போனால் சாம்பல் நிறமாகிவிடும்.

எங்கள் தீவின் வனிலாவைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை உண்டு. 1841இல், அடிமையாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் எட்மோன் அல்பியுஸ் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தது இந்த மண்ணில்தான். ஆனால் அந்த வனிலாச் சாறு பழுப்பு நிறம் என்பதால் அதைப் பிஸ்கட் மாவில் சேருங்கள், வெள்ளை ஐசிங்கில் வேண்டாம். எண்ணெயில் கரைத்த எந்த வாசனையையும் ஐசிங்கில் சேர்க்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்கலாமா? பிஸ்கட்டில் வேல் உருவத்தையும் வரைய எண்ணியிருக்கிறீர்களா? கடித்துத் தின்னும் பொருளில் முருகனின் வேலை வரைவது சரியல்ல என்று என் தாயார் சொல்வார்.

டர்பன் அடுப்படி எழுதியது:

எங்கள் பக்கத்தில் பிரசாதமாகக் கொடுக்கும் இனிப்பில் ஓம் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், யாரும் தவறாக எண்ணியதில்லை. எனினும் பிள்ளைகள் பாதி கடித்துக் கீழே போடும் பிறந்தநாள் பிஸ்கட் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மயிலிறகே போதுமானது.

கியூர்பீப் மூத்தவர் எழுதியது:

மயிலிறகுக்கு வருவோம். இது ஈரத்தின் மேல் ஈரம் என்னும் முறையில் வருவது. இலை வடிவப் பிஸ்கட், 8 செ.மீ. நீளம். ஐந்து பைகளில் இளம்பச்சை, கரும்பச்சை, பொன்பழுப்பு, மயில்நீலம், கருநீலம் ஆகிய ஐந்தும் ஒரே பதத்தில், 15 எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒன்று நீர்த்திருந்தால் அது மற்றதன் அடியில் மூழ்கும், இறுகியிருந்தால் மேடாக நிற்கும். நிறமியில் நீர்ம வகையைத் தவிர்த்து ஜெல்லை எடுத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் நீரைக் கூட்டாமல் இருப்பதற்காகத்தான். கருநீலம் முதல் நாளே கலந்து வைத்தால் இரவில் நிறம் ஆழமாகும். உடனே கருமை வரவில்லை என்று மேலும் மேலும் ஜெல்லைப் போட்டால் கசப்பும் வரும், பக்கத்து நிறத்துக்குள் கசிவும் வரும்.

இளம்பச்சையால் ஓரக்கோடு இழுத்து உடனே உள்ளே நிரப்புங்கள். மேற்புறத்தில் கரும்பச்சையால் பெரிய துளி, அதன் நடுவில் பொன்பழுப்பு, அதன் மேல் மயில்நீலம், கடைசியாகக் கருநீலம் சிறு துளி. இனித் தையல் ஊசி ஒன்றால் ஓரத்திலிருந்து நடுத்தண்டை நோக்கிச் சாய்வாகக் கோடு கோடாக இழுத்தால் இறகின் இழைகள் பிரியும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஊசியைத் துடைக்க வேண்டும். இவை எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், பிறகு மேலே ஆடை கட்டி, ஊசி படும் இடம் கிழியும். ஆகவே ஒவ்வொரு பிஸ்கட்டாக முடித்து அடுத்ததற்குப் போங்கள். முப்பதுக்கும் முதலில் பச்சையை நிரப்பிவிட்டு, பிறகு கண்களை வைக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

குவாத்ர் போர்ன் தாய் எழுதியது:

அக்காவுக்கும் ஐயாவுக்கும் தம்பிக்கும் ரீயூனியன் அன்பருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பத்துப் பிஸ்கட்டுகள் செய்து பார்த்தேன். ஏசி அறையில் ஈரமானி 55 காட்டியது. வழியவில்லை, எண்ணெய்த் திட்டும் இல்லை. கடலை வாசனையும் காய்ந்த பின் தெரியவில்லை, மாமியாரே சுவைத்துப் பார்த்துச் சொன்னார். ஆனால் நான்கு பிஸ்கட்டுகளில் கருநீலத் துளி காய்ந்ததும் உள்ளே இறங்கிக் குழியாகிவிட்டது. ஏன்?

கியூர்பீப் மூத்தவர் எழுதியது:

முதல் முயற்சியில் நான்குதான் குழிந்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சிறிய துளியின் மேற்பரப்பு இறுகுவதற்குள் உள்ளிருக்கும் காற்றுக் குமிழ்கள் உடைந்து, மேல்பகுதி தாங்க ஒன்றுமில்லாமல் உட்காருவதால் குழி வருகிறது. கருநீலத்தில் ஜெல் அதிகம் என்பதால் அந்தப் பை மற்றவற்றைவிடச் சற்று நீர்த்திருக்கும். அதைத் தனியாக எண்ணிப் பார்த்து 20க்குக் கொண்டு வாருங்கள். பையில் ஊற்றுமுன் ஐசிங்கை மூடி அரை மணி நேரம் வைத்தால் குமிழ்கள் மேலே வரும், மெல்லக் கிளறி உடைத்துவிடலாம். பிஸ்கட்டின் மேல் தெரியும் குமிழை அப்போதே ஊசியால் குத்துங்கள். குழிந்த நான்கையும் எறிய வேண்டாம், நன்றாகக் காய்ந்தவற்றின் குழியில் கெட்டியான கருநீலத்தை ஒரு புள்ளியாக வைத்தால் மேடான கண்ணாக அழகாகவே இருக்கும்.

போர் லூயி பேக்கர் எழுதியது:

காய்ந்த பிஸ்கட்டுகளைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் பட்டர் காகிதம் வைத்து, மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். கடலை நீர் ஐசிங் முட்டை ஐசிங்கைவிடச் சற்று எளிதில் நொறுங்கும், காரில் கொண்டுபோகும்போது டப்பாவில் காலியிடம் இல்லாதபடி காகிதத்தைத் திணித்துவிடுங்கள்.

குவாத்ர் போர்ன் தாய் எழுதியது:

பிறந்தநாள் முடிந்தது. முப்பத்திரண்டு மயிலிறகுகள் செய்தேன். இடையில் ஒரு நாள் முழுக்க மழை பெய்தது. அக்கா சொன்ன நான்கு நாள் திட்டம் இருந்ததால் அன்று பிஸ்கட் மட்டும் சுட்டு, ஐசிங்கை மறுநாளுக்குத் தள்ளினேன். கோலம்போல நூலை விழவிடும் முறை எனக்கு இருபதாவது பிஸ்கட்டில்தான் பிடிபட்டது. முதல் பத்தின் ஓரக்கோடுகள் தடித்தவை. மகள் அவற்றைக் 'குட்டி மயிலின் இறகு' என்று தனியே எடுத்துத் தன் பாட்டிக்குக் கொடுத்தாள். நோன்பிருந்த மாமியார் மனநிறைவோடு சாப்பிட்டார்.

மயில்நீலமும் கருநீலமும் தலா ஒரு பை மிஞ்சியிருக்கின்றன. ஏப்ரலில் வருஷப் பிறப்புக்குப் பயன்படுத்தும்படி அவற்றை வைத்திருக்க முடியுமா அக்கா?

கியூர்பீப் மூத்தவர் எழுதியது:

பையில் வேண்டாம். கடலை நீர் ஐசிங்கைக் குளிர்பெட்டியில்கூட நான் மூன்று நாளுக்கு மேல் வைப்பதில்லை. இன்றே பட்டர் காகிதத்தின் மேல் மயில்நீலத்தைத் துளித் துளியாகப் பிழிந்து, நடுவில் கருநீலத்தை வைத்து, சற்றுத் தடிமனாகவே விட்டு, விசிறியின் முன் இரண்டு நாள் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் காகிதத்தை மேசையின் ஓரத்தில் மெல்ல மடக்கி இழுத்தால் கண்கள் தனித்தனியாகக் கழன்று வரும். காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்தால் ஏப்ரல் வரை இருக்கும். அப்போது பச்சையை மட்டும் கலந்து நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே இந்தக் கண்களை மேலே வைத்துவிடலாம்.